நூற்றுப் பதினெட்டு

அக்காவை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்கு அண்டை கொடுக்கத் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது மேசைமேல் போன் அடித்தது. இளையவளுக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது. ஒரு கை அக்காவின் தோளைத் தாங்கியிருந்தது, எடுத்தால் சரிந்துவிடுவாள். "அட இரு, எங்க ஓடிடப்போறோம்" என்று போனைப் பார்த்து அதட்டினாள்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "கறாரா?" என்றாள். குரல் போய்விட்டிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

"அவராத்தான் இருக்கும். வேற யாரு இந்த நேரத்துல என் உயிரை வாங்கப்போறா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்காவின் உதட்டோரம் லேசாக இழுத்தது. சிரிப்புதான். இந்த நிலைமையிலும் தங்கை வாயிலிருந்து ஏடாகூடமாக ஒன்று விழுந்தால் அவளுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

கறார் என்பது அக்கா வைத்த பட்டப்பெயர். அக்காவோடு அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். அவர் வாயிலிருந்து 'சுமாராக' என்ற வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட ஒரு வாய் குடித்துப் பார்த்து, யோசித்து, பிறகுதான் சொல்வார். ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த படம் சாய்ந்திருக்கிறது என்று அவர் சொல்ல, இளையவளின் வீட்டுக்காரர் இல்லை என்று சொல்ல, கடைசியில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். சாய்ந்துதான் இருந்தது.

இளையவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சொல்லுங்க சார். எண் வந்துடுச்சா?"

"முதல் அளவு வந்திருக்கும்மா."

"எப்படி இருக்கு?"

"இன்னும் சொல்ற நிலைமையில இல்ல. கழட்டித் திரும்ப மாட்டிப் பார்க்கணும். சத்தம் நிஜமாவே காத்து வழியாத்தான் போகுதா, இல்ல ரெண்டு வில்லையையும் பிடிச்சிருக்கிற இரும்புச் சட்டம் வழியா திருட்டுத்தனமாப் போகுதான்னு பார்க்கணும். போன தடவை அப்படித்தான் ஏமாந்தோம்."

"சார், நல்லா வந்திருக்கா இல்லையா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"நல்லாங்கறது ஒரு அளவு இல்லையேம்மா."

போனுக்குள் கையை விட்டு ஆளின் சட்டையைப் பிடிக்க முடிந்திருந்தால் பிடித்திருப்பாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "நர்ஸ் வந்து பார்த்துட்டுப் போனாங்க சார். இன்னிக்குப் பொழுது தாண்டாதுன்னுட்டாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஸ்பீக்கர்ல போடறேன். 'வேலை செய்யுது'ன்னு ஒரே ஒரு வார்த்தை அவ காதுல விழற மாதிரிச் சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கருவியின் விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அவர் சொன்னார்: "அவங்க எண் கேட்பாங்கம்மா. சரியா இல்லாத ஒரு எண்ணை அவங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்."

"சாயங்காலம் கேட்கறதுக்கு ஆள் இருக்கணுமே சார்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள். வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அக்கா செய்த வேலை இன்னதென்று வீட்டில் யாரும் வெளியாருக்கு விளங்கும்படி சொன்னதில்லை. பாட்டில் மூடி அளவில் இரண்டு வில்லைகள், எதிரும் புதிருமாக நிற்கும். ஒன்று காதுக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பும், மற்றது வாங்கிக்கொள்ளும். நடுவில் ஒரு பலகையை நிறுத்தினால், அதற்குள் எந்த இடத்தில் பசை பிடிக்காமல் விட்டிருக்கிறது என்று பலகையைத் தொடாமலே கண்டுபிடித்துவிடலாம். விமானத்துக்குள் தரையாகப் போடுகிற பலகைகள் அவை. மெல்லிய இரண்டு தகடுகளுக்கு நடுவே தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். வழக்கம்போலத் தண்ணீரைப் பீய்ச்சி, அதன் வழியாகச் சத்தத்தை அனுப்பிச் சோதித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும். அதனால் காற்று வழியாகவே சத்தத்தை அனுப்பியாக வேண்டும். வில்லங்கமே அங்கேதான்.

"சுவர்ல பந்தை எறிஞ்சா என்ன ஆகும்? திரும்பி உன் மூஞ்சிக்கே வரும்" என்று அக்கா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாள். "வில்லை கெட்டி, காத்து மெலிசு. ரெண்டுக்கும் ஒத்துக்காது. கிளம்பற சத்தம் கிட்டத்தட்ட எல்லாமே வாசலோட திரும்பிடுது. நடுவுல, கெட்டியும் இல்லாம மெலிசும் இல்லாம ஒண்ணு வேணும்."

"ரெண்டுங்கெட்டானா?"

"அதேதான்டி வாயாடி! ரெண்டுங்கெட்டானா ஒரு தோல். அதைத்தான் இத்தனை வருஷமாத் தேடறேன்."

"இதுக்கு ஆய்வுக்கூடம் எதுக்கு? நம்ம வீட்டு மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போயேன்" என்றாள் இளையவள். அவள் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

தோல் பிறகு கிடைத்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, காகிதத்தைவிட மெல்லியதாக, உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு. அதை வில்லைமேல் ஒட்டுவதில்தான் அக்காவுக்குத் தலை நரைத்தது. பசை துளைகளுக்குள் ஊறி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் அது தோலே இல்லை. எந்தப் பசையைப் போட்டாலும், எப்படி ஒட்டினாலும், கருவி காட்டுகிற எண் எண்பதிலேயே நின்றது. "இன்னிக்கும் எண்பதுதான்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து அக்கா நாற்காலியில் சாய்வாள். ஒவ்வொரு பரீட்சையிலும் அதே மார்க் வாங்கி வருகிற பிள்ளையைப் போல இருக்கும் முகம்.

படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் புதிதாக ஒரு வழி தோன்றியது. பசையை வில்லையில் பூசவே வேண்டாம். கண்ணாடியில் மெல்லிசாக இழுத்துப் பரப்பி, பாதி காயவிட்டு, தோலை அதன்மேல் ஒற்றி எடுத்தால் போதும். மேலாகப் பசை பிடிக்கும், துளைக்குள் இறங்காது. அதைக் கறாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து படுத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த வில்லைகளைத்தான் இன்று கருவியில் மாட்டியிருந்தார்கள்.

அக்கா யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. வலி மருந்துகூடக் கேட்டு வாங்கிக்கொண்டதில்லை. முகத்தைப் பார்த்து இவர்களாகக் கொடுத்ததுதான். இந்த ஒன்றை மட்டும் கேட்டிருந்தாள். "எண் வந்தா என்கிட்ட சொல்லிடு. பெருசா ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

இளையவள் கதவைத் திறந்துகொண்டு கட்டிலுக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

அவள் குடிநீர் வாரியத்தில் புகார் போன் எடுப்பவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் "ஆள் கிளம்பிட்டாங்க, வந்துட்டே இருக்காங்க" என்று சொல்லுவாள். அந்த ஆள் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். அதை அவள் பொய் என்று நினைத்ததே இல்லை. தாகத்தில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் வருகிறவரைக்கும் ஒரு வார்த்தையாவது வேண்டாமா? அந்தத் தொழிலில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுத்தாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்துடுச்சுக்கா. ஜோரா வேலை செய்யுதாம்."

அக்கா கண்ணைத் திறந்தாள். "ஜோரான்னு... அவரா சொன்னார்?"

"அவர் எங்க சொல்லப்போறார்? அது நான் சொல்றது. அவர் வெறும் எண்ணைத்தான் சொன்னார்."

"எவ்வளவு?"

இங்கேதான் மாட்டிக்கொண்டாள். ஆனால் மாட்டிக்கொண்டு தப்பிப்பதுதானே அவள் பிழைப்பு. எண்பதுக்கே முகம் தொங்கியதென்றால், சந்தோஷம் அதற்கு மேலேதான் எங்கேயோ இருக்க வேண்டும். நூறு என்று சொன்னால் முழுசாக இருக்கிறது, சந்தேகம் வரும். பத்து நிமிஷத்தில் ஆள் வரும் என்றால் ஜனங்கள் நம்பமாட்டார்கள், பன்னிரண்டு நிமிஷம் என்றால் நம்புவார்கள்.

"நூத்திப்பதினெட்டு" என்றாள்.

அக்கா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை. வேலையிலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு எதையோ யோசிக்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். "நூத்திப்பதினெட்டா..." என்று உதடு அசைந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது இளையவளுக்கு. சாமி, இந்த மட்டும் முடிந்ததே என்று நினைத்தாள்.

தூங்கிவிட்டாள் என்று எண்ணிக் கையை மெதுவாக விடுவிக்கப் போனபோது அக்காவின் வாய் திறந்தது.

"பசை... உள்ள இறங்கியிருக்கும்."

"என்னக்கா?"

"கண்ணாடியிலயே... இன்னும் கொஞ்ச நேரம் காயணும். காயவிட்டு எடுக்கச் சொல்லு."

"சரிக்கா. சொல்றேன்."

"அவரைத் திட்டாதே."

சமையலறையில் போட்ட சத்தம் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று இளையவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "நான் ஏன்க்கா திட்டப்போறேன்? நீ பேசாம தூங்கு" என்று நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். எண் வந்த அன்றைக்கே அடுத்த வேலையைப் பற்றிப் பேசுகிறாளே, இவளைத் திருத்தவே முடியாது என்றும் நினைத்துக்கொண்டாள். அக்காவின் விரல்கள் போர்வைமேல் எதையோ தட்டையாகப் பரப்பித் தடவுவதுபோலக் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன. பிறகு நின்றன.

மத்தியானத்துக்கு மேல் மூச்சு மாறியது. வீட்டுக்காரர் வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அண்ணி, அண்ணி" என்று இரண்டு முறை கூப்பிட்டார். இளையவள் பஞ்சை நனைத்து அக்காவின் உதட்டில் ஒற்றினாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை என்று ஒப்புக்கொள்ள இருவருக்கும் நேரம் பிடித்தது. பிறகு இளையவள் அக்காவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் கேட்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் கறார் போன் செய்தாராம். வீட்டுக்காரர்தான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், எண்ணைச் சொல்ல வந்தவர் சொல்லாமலே வைத்துவிட்டார்.

மறுநாள் எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வீடு முழுக்க வாடகை நாற்காலிகள். வந்தவர்கள் எல்லாரிடமும் இளையவள் அதைத்தான் சொன்னாள். "ஒரு நல்ல சேதியைக் காதுல போட்டுத்தான் அனுப்பிவெச்சேன். அந்த மட்டும் எனக்குக் குறையில்ல." சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு கை வைத்த மாதிரி ஆறுதலாக இருந்தது. கேட்டவர்கள் நீ கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆய்வுக்கூடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். கறார் முன்னறையில் சுவர் ஓரமாக, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். கூட வந்த பெண், அக்கா 'புதுசு' என்று கூப்பிட்டவள், சமையலறைக்குள் வந்து தானாகவே டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அக்காவுக்கு அவள் புதுசுதான். அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"மேடம் ஒரு நாள் இருந்திருக்கலாம். ஒரே ஒரு நாள்" என்றாள் புதுசு. "அறுபத்திரண்டு வந்திருக்கு தெரியுமா? சார் நம்பவே இல்ல. கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டிப் பார்த்துட்டார். அறுபத்திரண்டேதான்."

இளையவளுக்குச் சொரேர் என்றது. "அறுபத்திரண்டா? எண்பதா இருந்தது அறுபத்திரண்டாக் குறைஞ்சிடுச்சா?"

நல்லவேளை, நல்லவேளை என்று அடித்துக்கொண்டது மனசு. உண்மை தெரியாமல் போனாளே அக்கா. நான் முந்திக்கொண்டு நூத்திப்பதினெட்டு என்று சொன்னேனோ, பிழைத்தேனோ.

"குறையறதுதானே வேணும்!" என்றாள் புதுசு, கையில் சோப்பு நுரையோடு. "அது வழியில தொலையற சத்தத்தோட கணக்கு. இங்கேர்ந்து அனுப்பினதுல அங்க போய்ச் சேர்றதுக்குள்ள எவ்வளவு தொலைஞ்சுபோச்சுன்னு. கம்மியாத் தொலைஞ்சா நல்லது. எண்பதுலேர்ந்து அறுபத்திரண்டுன்னா சும்மா இல்ல. மேடம் சொன்ன மாதிரியே பசை கொஞ்சம்கூட உள்ள இறங்கல."

இளையவள் கையிலிருந்த டம்ளரைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"அப்போ நூத்திப்பதினெட்டு வந்தா?"

"நூத்திப்பதினெட்டா? அனுப்பற வில்லையைக் கழட்டி வெச்சாலும் அந்த எண் வரும். ஒண்ணுமே போய்ச் சேரலைன்னு அர்த்தம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்."

டம்ளரை வைத்துவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் வார்த்தைகள் ஒவ்வொன்றாக, இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல வந்தன. பசை உள்ளே இறங்கியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் காயணும். அவரைத் திட்டாதே. போகிற நேரத்தில் மிச்சமிருந்த மூச்சை வைத்துக்கொண்டு, குறையே இல்லாத ஒன்றில் குறை எங்கே என்று தேடியிருக்கிறாள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போர்வைமேல் அந்த விரல்கள் பரப்பித் தடவியது பசையைத்தான். பாவி, நான் என்ன செய்துவிட்டேன்! வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூடப் போதுமே. அக்கா நம்பிக்கையோடாவது போயிருப்பாள்.

புதுசு என்னவோ கேட்டாள். இளையவள் அதற்குள் முன்னறைக்குப் போய்விட்டாள்.

கூட்டம் முக்கால்வாசி கலைந்திருந்தது. கறார் அதே இடத்தில் நின்றிருந்தார். சட்டைக் காலரில் பொத்தானைத் தப்பான துளையில் போட்டிருந்தார். அவரிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் பாக்கி இல்லை. எல்லாம் தெரிந்தாகிவிட்டது. ஆனாலும் அதை யாராவது முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. வீட்டுக்காரரிடம் போனால் விடும்மா விடும்மா என்பார். நீ செய்தது இதுதான் என்று போட்டு உடைக்க இந்த ஒரு மனுஷனால்தான் முடியும்.

"சார்."

அவர் நிமிர்ந்தார்.

"நேத்து நீங்க சொல்லலைன்னு நானே ஒரு எண்ணை அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"நூத்திப்பதினெட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மறுபடி போட்டுக்கொண்டார்.

"அக்கா கேட்டுக்கிட்டா. இன்னும் கொஞ்ச நேரம் காயவிட்டு எடுக்கச் சொல்லுன்னா. உங்களைத் திட்டக் கூடாதுன்னா. அப்புறம் ஒண்ணும் பேசல." அவள் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் சொன்னது சரியான எண்ணுதானே சார்? நல்ல எண்ணுதானே?"

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது.

"நல்ல எண்ணும்மா" என்றார். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "ரொம்ப நல்ல எண்ணு. அவங்களுக்குக் கேட்டதும் புரிஞ்சிருக்கும். அப்படி வந்தா இன்னும் நல்லா செய்யலாமேன்னுதான் காயவிடச் சொல்லியிருப்பாங்க. சந்தோஷமாத்தான்... நிச்சயமா சந்தோஷமாத்தான் போயிருப்பாங்க."

காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. இத்தனை நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. முதல் நாள் வேலைக்கு வருகிற பெண்கூட இதைவிட நன்றாகச் சொல்லுவாள். 'ரொம்ப' போடாதே, 'நிச்சயமா' போடாதே, காரணம் சொல்லாதே என்று அவள்தானே எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கிறாள்.

"நல்லது சார்" என்றாள். "இப்பத்தான் மனசு லேசாச்சு."

அவர் தலையை ஆட்டினார். வரேன் என்று சொல்லாமல், எதிரில் இருந்த நாற்காலிகளில் ஒன்றில் இடித்துக்கொண்டு வெளியே போனார்.

இளையவள் சமையலறைக்குத் திரும்பினாள். புதுசு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தம் தெரிந்தது. கறார் அங்கே நின்றிருந்தார், கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல. அவர் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருத்தி ஏறினாள். பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றிருந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. அதுவும் போனது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, அங்கே குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடத் தொடங்கினாள்.